சம்பந்தி வீட்டுத் துவக்கு

போன கிழமை அரியரத்தினத்தைக் கர்க்லாண்டில், மரியதாசன் வீட்டு பேஸ்மென்டில், கையில் ஒரு வேட்டைத் துவக்கோடு நிற்க விட்டுவிட்டு நாங்கள் வந்துவிட்டோம். பாவம் அந்த மனுசன். துவக்கை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் வீடு திரும்பினார். ஆனால் ஒரு கிழமையாக அது அவர் நெஞ்சிலேயே கிடக்கிறது.

புதிதாக வாசிக்க வந்த பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் பின்னால் போய் வருகிறேன். அரியரத்தினத்தின் ஒரே மகள் வினோஜா. மரியதாசனின் மகன் டிலான். இரண்டு பேரும் விரும்பினார்கள். ஒரு வீடு யாழ்ப்பாணத்துச் சைவம், மற்றது திருகோணமலைக் கத்தோலிக்கம். கொஞ்சம் முணுமுணுத்து, கொஞ்சம் அழுது, கடைசியில் கோயிலில் தாலி, தேவாலயத்தில் ஆசீர்வாதம் என்று பேசி முடித்தாயிற்று. வருகிற தையில் கலியாணம்.

துவக்கு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். அரியரத்தினம் துறைமுகத்தில் ஒரு வெயர்ஹவுஸில் வேலை. கூட வேலை செய்கிற பிரெஞ்சுக்காரர்கள் ஒவ்வொரு ஒக்டோபரும் மான் வேட்டைக்கு வடக்கே போவார்கள். முந்தின வருடம் சும்மா துணைக்குப் போனவர், அவர்கள் சுட்ட மானை யாழ்ப்பாணத்துத் தூள் போட்டுக் கறி வைத்துக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அவரை விட்டுவிட்டுப் போக அவர்களுக்கு மனமில்லை. நீயும் படித்து லைசன்ஸ் எடு, உனக்கென்று ஒரு துவக்கு வாங்கு என்று ஆசை காட்டினார்கள். ஐம்பது வயது கடந்த பிறகு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிப் போயிருந்து படித்து, சோதனை பாஸ் பண்ணினார்.

அதைக் கேள்விப்பட்ட மரியதாசன், தன்னிடம் ஒரு துவக்கு சும்மா கிடக்கிறது, முழங்கால் வருத்தத்தோடு தன்னால் இனிக் காடு ஏற முடியாது, வாங்கின விலைக்குச் சம்பந்தியே எடுத்துக்கொள்ளட்டும் என்றார்.

இவ்வளவும் நல்லாய்த்தான் இருந்தது. இனிச் சனிக்கிழமைக்கு வருவோம்.

காலையில் அரியரத்தினத்தின் பெண்சாதி இந்திராதேவி அடுப்படியில் தோசை சுட்டுக்கொண்டு நின்றாள். அரியரத்தினம் தேத்தண்ணியை ஆற்றி ஆற்றிக் குடித்துக்கொண்டு, பின்னேரம் போய்த் துவக்கை எடுத்து வரலாமோ என்று மெல்லத் தொடங்கினார்.

"இஞ்சருங்கோ," என்றாள் அவள், திரும்பாமலே. "துவக்குக்குப் பயந்துதான் நாங்கள் பிளேன் ஏறினனாங்கள். இப்ப நீங்கள் காசு குடுத்து ஒண்டை வீட்டுக்குள்ள கொண்டுவரப் போறியள்."

"அது மான் சுடுற துவக்கப்பா."

"அது இதுவரைக்கும் என்னத்தைச் சுட்டதெண்டு உங்களுக்குத் தெரியுமே?"

 அரியரத்தினத்துக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: மரியதாசன் அதைத் தன்னோடு ட்ரக் ஓடிய றெஜான் என்பவனிடம் இரண்டாம் கையாக வாங்கியிருந்தார். தன் பாட்டனாரின் துவக்கு, ஒருநாளும் பதியவில்லை என்று றெஜான் சொல்லியிருந்தான். அந்த நாட்களில் வேட்டைத் துவக்கென்றாலும் பதிய வேண்டும். பதியாமல் வைத்திருந்தவர்களுக்கு அரசாங்கம் பதிந்துகொள்ளத் தவணை கொடுத்திருந்தது. அதனால் மரியதாசனும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

இந்திராதேவி தோசையைத் தட்டில் வைத்தாள். பிள்ளை விரும்பின மாப்பிள்ளையைப் பற்றியே ரொறன்ரோ, லண்டன் என்று எத்தனை பேருக்குப் போன் எடுத்து விசாரித்தோம், ஒரு துவக்கை விசாரிக்காமல் வாங்குவதா என்று கேட்டாள். களவுத் துவக்கு இல்லையென்று தெரிந்தால் கொண்டுவாருங்கள், தெரியாவிட்டால் இந்த வாசற்படி தாண்டக் கூடாது என்று முடித்துவிட்டாள்.

அவள் சொன்னதில் பிழை இல்லை, பிள்ளைகள். விசாரிக்கத்தான் வேண்டும். ஆனால் எங்கள் ஆட்களுக்கு விசாரிப்பதற்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். சம்பந்தப்பட்டவர் காதுக்கு எட்டாமல், அக்கம்பக்கத்தில், மெல்லக் கேட்பது. முகத்துக்கு நேரே கேட்டால் மரியாதைக் குறைவு. அரியரத்தினம் படித்த வகுப்பில் வாத்தியார் வேறு மாதிரித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார். இரண்டாம் கைத் துவக்கு வாங்கும்போது விற்கிறவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பொலிசுக்கு அதன் இலக்கத்தைக் கொடுத்துப் பாருங்கள், நேர்மையான ஆள் என்றால் கோபிக்க மாட்டார் என்று. அது சோதனையிலும் வந்தது. அரியரத்தினம் சரியாகத்தான் எழுதினார்.

ஆனால் சோதனைத் தாளில் சம்பந்தி இல்லையே.

துவக்கின் இரும்பில் வெட்டியிருந்த இலக்கம் அவருக்கு மனப்பாடம். நாள் முழுக்கக் கொள்கலன் இலக்கங்களோடு புழங்குகிற ஆள். போன ஞாயிறு மரியதாசன் தேத்தண்ணி எடுக்க மேலே போன நேரம், ஒரு தரம் பார்த்தது போதும். பார்க்கும்போதே, களவாகப் பார்க்கிறேனே என்று அவருக்கு ஒரு மாதிரித்தான் இருந்தது.

இந்திராதேவி கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்க, பொலிஸ் நிலையத்துக்குப் போன் எடுத்தார். போனை எடுத்த அலுவலர் நல்ல பண்பான பெண். தன் பெயரைச் சொல்ல வேண்டுமா என்று அரியரத்தினம் யோசிக்கவே இல்லை, தானாகவே சொன்னார். முகவரி சொன்னார். தபால் குறியீடு சொன்னார். அகதி விசாரணையில் இருந்து இன்றுவரை, மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லிப் பழகிய நாக்கு. துவக்கின் கம்பனி, இலக்கம் எல்லாம் கேட்டு எழுதிவிட்டு, அந்தப் பெண் கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள்.

பொறுத்தார்.

திரும்பி வந்தபோது குரல் மாறியிருந்தது. அந்தத் துவக்கு களவு போனதென்று பதிவாகியிருக்கிறது. வடக்கே, ஏரிக்கரையில் விடுமுறைக்குத் தங்கும் ஒரு கொட்டேஜை உடைத்து எடுத்தது. வாங்க வேண்டாம், தொட வேண்டாம். துவக்கு இப்போது எங்கே இருக்கிறது?

பிள்ளைகள், இந்த இடத்தில் அவர் போனை வைத்திருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். நினைக்காதீர்கள். கேள்வி கேட்ட அலுவலருக்கு அவர் மறுமொழி சொன்னார். கர்க்லாண்ட் முகவரியைச் சொன்னார். அந்த ஆள் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டபோதுதான் நாக்குத் தடக்கியது. சம்பந்தி என்பதற்கு அவரிடம் பிரெஞ்சும் இல்லை, இங்கிலீசும் இல்லை. என் மகளைக் கட்டப்போகிற பொடியனின் தகப்பன் என்று சுற்றி வளைத்துச் சொன்னார். அந்தப் பெண் அதையும் எழுதினாள். பிறகு, நாங்கள் போய்ப் பார்க்கிறோம், அதுவரை நீங்கள் அவருக்கு எதுவும் சொல்ல வேண்டாம், நன்றி என்றாள்.

போனை வைத்த பிறகு புருசனும் பெண்சாதியும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. தோசைக்கல் காய்ந்து புகைந்தது.

"நான் விசாரிக்கச் சொன்னனான்," என்றாள் இந்திராதேவி மெல்ல. "விலாசம் குடுக்கச் சொல்லேல்லை."

மத்தியானம் வினோஜா வந்தாள். டவுன்டவுனில் ஒரு மருந்துக் கடையில் அவளுக்குச் சனிக்கிழமை அரை நாள் வேலை. சப்பாத்தைக் கழற்ற முன்பே தகப்பனின் முகத்தைக் கண்டுவிட்டாள். அவர் ஒன்றும் மறைக்கவில்லை. சொல்லி முடியுமட்டும் அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"அப்பா, ஏன் அங்கிளிட்ட நேர கேக்கேல்லை?"

"சம்பந்தியின்ர முகத்தைப் பாத்து, இது களவெடுத்த சாமானோ எண்டு கேக்கிறதே, பிள்ளை?"

"அப்பிடிக் கேக்கத் தேவையில்லை. வாங்கோ, ரெண்டு பேருமாச் சேர்ந்து ஒருக்காப் பாப்பம் எண்டு சொல்லியிருக்கலாம். சேர்ந்து எடுத்திருந்தா, அங்கிளே பொலிசுக்குச் சொன்ன மாதிரி இருந்திருக்கும். இப்ப?"

இப்ப என்ன என்று அவள் சொல்லவில்லை. அவருக்கு விளங்கியது. ஒரே போன்தான். இரண்டு பேரும் சேர்ந்து எடுத்திருந்தால் மரியதாசன் நேர்மையான மனுசன். ஒருவர் தனியாக எடுத்ததில் அவர் களவுச் சாமான் வைத்திருந்த ஆள் ஆகிவிட்டார்.

வினோஜா டிலானுக்குப் போன் எடுக்கப் போனாள். பொலிஸ் சொல்ல வேண்டாம் என்று சொன்னதை அவர் ஞாபகப்படுத்தினார். அவள் போனை மேசையில் வைத்தாள். பிறகு கார்த் திறப்பை எடுத்தாள்.

"அப்ப நேர போவம். இஞ்ச இருந்து என்ன செய்யப் போறியள்?"

இந்திராதேவி வரவில்லை. மரியதாசனின் பெண்சாதி மாக்கிரட்டின் முகத்தில் தன்னால் முழிக்க ஏலாது என்றாள்.

நெடுஞ்சாலை முழுக்க மரங்கள் சிவந்து கிடந்தன. அவர் ஒன்றையும் காணவில்லை. பொலிஸ் நாளைக்குத்தான் போகும், சில வேளை திங்கட்கிழமை போகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பொலிஸ் வந்து போய்விட்டது.

மரியதாசன் வீட்டுக்கு முன்னால் இலை கூட்டிக்கொண்டு நின்றார். கூட்டிய குவியலையே திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டு நின்றார். இவர்களைக் கண்டதும் வாரியை மரத்தில் சாய்த்துவிட்டு, சிரிக்கப் பார்த்தார்.

"வாங்க சம்பந்தி. நல்ல நாள் பாத்துத்தான் வந்திருக்கிறீங்க."

உள்ளே மாக்கிரட் பொரித்த பற்றிஸும் தேத்தண்ணியும் கொண்டுவந்து வைத்தாள். கண் வீங்கியிருந்தது. இத்தனை வருடத்தில் முதல் தரமாக வாசலில் பொலிஸ் கார் நின்றதையும், எதிர்வீட்டுத் திரைச்சீலை விலகியதையும், டிலான் வேலைக்குப் போயிருந்தது நல்லதென்றும் சொன்னாள். மரியதாசன் மீதியைச் சொன்னார். துவக்கைக் கொண்டு போய்விட்டார்கள். றெஜானைப் பற்றிக் கேட்டார்கள். றெஜான் வேலையை விட்டுப் போய்க் கனகாலம், இப்போது எங்கே என்று யாருக்கும் தெரியாது. வாங்கியதற்கு ஒரு ரசீதுத் துண்டும் இல்லை. திங்கட்கிழமை நிலையத்துக்கு வந்து எல்லாவற்றையும் விளக்கமாகச் சொல்ல வேண்டுமாம்.

"ஒண்டு நல்லது சம்பந்தி," என்றார். "போன ஞாயிறே உங்க கையில குடுத்து விட்டிருந்தா, நீங்கல்லோ மாட்டியிருப்பீங்க. பொம்பிளைப் பிள்ளையின்ர தகப்பன். நான் எப்பிடி உங்கட முகத்தைப் பாக்கிற?"

அரியரத்தினத்தின் வாயில் பற்றிஸ் அப்படியே நின்றது.

"ஆரோ காட்டிக் குடுத்திருக்கிறாங்க," என்றாள் மாக்கிரட்.

அந்தச் சொல் எங்கள் சனத்துக்கு எவ்வளவு பாரம் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நாங்கள் விட்டுவிட்டு வந்த இடத்தில் அந்தச் சொல்லோடு ஒரு பெயர் சேர்ந்தால், அந்த வீட்டில் பிறகு யாரும் பெண் எடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள்.  வினோஜா தகப்பனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மரியதாசன் அது யாரென்று தனக்குத் தெரியும் என்றார். அருமைநாதன்தான். அதே ட்ரக் யார்டில் வேலை. துவக்கு வாங்குகிற அன்றைக்கே, இலக்கத்தைக் கொடுத்துப் பார்த்துவிட்டு வாங்கு என்று புத்தி சொன்ன ஆள். அவனைத் தவிர வேறு யாருக்கும் இந்தத் துவக்கு இருப்பது தெரியாது. சம்பந்தி உங்களைத் தவிர, என்று சொல்லிச் சிரித்தார்.

பொலிஸ் போன கையோடு அருமைநாதனுக்குப் போன் எடுத்து வாய்க்கு வந்தபடி பேசிவிட்டாராம். இனி இந்த வாசலுக்கு வராதே, கலியாணத்துக்கும் வராதே என்று சொல்லிவிட்டாராம்.

அருமைநாதன் டிலானின் ஞானத்தகப்பன். ஞானஸ்நானத்தில் பிள்ளையைக் கையில் ஏந்தியவர். கலியாணத்தன்று தேவாலயத்தில் முன்வரிசையில் நிற்க வேண்டியவர். மாக்கிரட் அதைச் சொல்லத் தொடங்கி, சொல்லாமல் எழுந்து குசினிக்குள் போனாள்.

"விடுங்கோ," என்றார் அரியரத்தினம். "கோவம் ஆறட்டும். பேந்து கதைக்கலாம்."

சொன்ன பிறகு அவருக்கே தன் குரலைக் கேட்க அருவருப்பாக இருந்தது. ஆறட்டுமாம். யாருடைய கோபம், யார் மேல்? குசினிக்குள் தண்ணீர்க் குழாய் திறந்தது. அழுவது வெளியே கேட்காமல் இருக்கத்தான் திறக்கிறாள் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

 வினோஜா உண்மையைச் சொல்லியிருந்தால் அவருக்கு லேசாக இருந்திருக்கும். தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தார்.

"அருமைநாதன் இல்லை. பொலிசுக்கு எடுத்தது நான்."

மரியதாசனுக்கு முதலில் விளங்கவில்லை. முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இருந்தது. பிறகுதான் போனது.

"எப்ப?"

"காலமை. களவோ இல்லையோ எண்டு பாக்கத்தான் எடுத்தனான். அவை விலாசம் கேட்டவை. குடுத்திட்டன்."

"என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே."

"கேட்டா மரியாதையில்லை எண்டு நினைச்சன்."

"பொலிசைக் கேட்டது மரியாதையோ?"

குழாய் நின்றது. மாக்கிரட் குசினி வாசலில் ஈரக் கையோடு நின்றாள்.  மரியதாசன் கத்தியிருந்தால் நல்லாயிருக்கும் என்று அரியரத்தினம் ஆசைப்பட்டார். அவர் கத்தவில்லை. எழுந்து கோட்டை மாட்டினார்.

"வாங்க. அருமைநாதனிட்டப் போவம். அவனுக்கு நான் சொன்னதை என்னால விழுங்க ஏலாது. நீங்களே சொல்லுங்க."

வினோஜா மாக்கிரட்டின் பக்கத்தில் போய் நின்றாள். மாக்கிரட் அவளை அணைக்கவும் இல்லை, விலகவும் இல்லை. ஒரு துணியை எடுத்து அவள் கையில் கொடுத்து, கோப்பைகளைத் துடைக்கச் சொன்னாள்.

அருமைநாதன் வீடு டொலார்-டெ-ஓர்மோவில், பக்கத்து ஊர்தான். வழி முழுக்க மரியதாசன் தெருவைப் பார்த்தே ஓட்டினார். வீட்டு முன்னால் காரை நிறுத்தினார், ஆனால் இறங்கவில்லை. அரியரத்தினம் தனியே போய் மணியை அடித்தார்.

கதவைத் திறந்தவர் பெரிய உடம்புக்காரர், சாரத்தோடு நின்றார். காரில் இருக்கிற ஆளையும் வாசலில் நிற்கிற ஆளையும் பார்த்தார். அரியரத்தினம் தான் யாரென்று சொன்னார். செய்ததைச் சொன்னார். நின்ற நிலையிலேயே, கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டு, ஒன்றும் விடாமல் சொன்னார்.

அருமைநாதன் கேட்டு முடித்துவிட்டு நெற்றியைத் தடவினார்.

"அப்ப எனக்கு விழுந்த பேச்செல்லாம் உங்களுக்குச் சேர வேண்டியதோ?"

"ஓம்."

"நல்ல பேச்சு. பழைய பேச்செல்லாம் ஞாபகம் வந்தது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவனை உள்ள வரச் சொல்லுங்க. சாப்பிட்டிருக்க மாட்டான்."

அரியரத்தினம் காருக்கு வந்து சொன்னார். மரியதாசன் தலையை ஆட்டினார், இன்றைக்கு வேண்டாம் என்பது போல. ஆனால் கண்ணாடியை இறக்கி, அருமைநாதனைப் பார்த்துக் கையை உயர்த்தினார். வாசலில் நின்றவரும் உயர்த்தினார். அவ்வளவோடு அவர்கள் இரண்டு பேருக்கும் அது தீர்ந்துவிட்டது. எவ்வளவு லேசாகத் தீர்ந்தது என்று அரியரத்தினம் பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பும் வழியில் மரியதாசன் பேசினார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை தன்னோடு நிலையத்துக்கு வர முடியுமா என்று கேட்டார். பொலிசுக்குத் தகவல் சொன்னவரே பக்கத்தில் இருந்து, இந்த ஆள் ஏமாந்து வாங்கினவர், கள்ளன் இல்லை என்று சொன்னால் அவர்கள் கேட்பார்கள். தன்னிடம் துண்டும் இல்லை, றெஜானும் இல்லை. இருக்கிறது நல்ல பெயர் ஒன்றுதான்.

 கட்டாயம் வருகிறேன், வேலைக்கு லீவு போட்டுவிட்டு வருகிறேன் என்றார் அரியரத்தினம். எங்கே கேட்டாலும் வந்து சொல்கிறேன் என்றார்.

மரியதாசன் தெருமுனையில் காரை ஓரங்கட்டினார்.

"அதுக்கு முதல் எனக்கொண்டு சொல்லுங்க. நான் தெரிஞ்சுகொண்டு வாங்கினன் எண்டு நினைக்கிறீங்களா?"

"இல்லை," என்றுதான் அரியரத்தினம் சொன்னார். மனதாரத்தான் சொன்னார். ஆனால் அந்தச் சொல் வருவதற்கு முன்னால், ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம், அவர் நினைத்துப் பார்த்துவிட்டார். பதியாத துவக்கு. துண்டு இல்லை. சிநேகிதன் வேறு புத்தி சொல்லியிருக்கிறான். இந்த மனுசனுக்கு ஒரு சந்தேகமும் வராமலா இருந்திருக்கும்?

அவ்வளவுதான். ஒரே ஒரு மூச்சு. எங்கள் புத்தி விசாரிக்காமல் இருக்காதே, பிள்ளைகள்.

மரியதாசன் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இருக்கவில்லை.

"சரி," என்றார். "திங்கக்கிழமை நான் தனியவே போறன்."

கார் வீட்டு வாசலில் போய் நின்றது. வினோஜா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். கையில் இன்னும் அந்தத் துணி இருந்தது. கார்க் கண்ணாடிக்குள் இரண்டு தகப்பன்மாரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

இரண்டு பேரும் இறங்கவில்லை.